மணவறையில் ஒரு துவக்கு

கல்முனைக்குடி ஜவுபர் ஹாஜியாருக்கு அரசாங்கம் ஒரு கைத்துப்பாக்கி கொடுத்த கதையை ஊரில் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். அவர் கேட்டுத்தான் கொடுத்தார்கள் என்பதை மட்டும் எல்லாரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

கேட்டது உண்மை. ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார். மனைவி நஸீறா அடுத்த தெருவில் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போயிருந்தார். அந்த இடைவெளியில் உள்ளே வந்த கள்ளன் ஒரு மிக்ஸியையும் ஹாஜியாரின் மூக்குக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டான். போகுமுன் ஒரு சட்டி எருமைத் தயிரை ஆறுதலாக இருந்து சாப்பிட்டு, சட்டியைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்திருந்தான்.

"கழுவி வெச்சிரிக்கானே, நல்ல வீட்டுப் புள்ளதான் போல" என்றார் நஸீறா.

ஹாஜியாரால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. மூன்று ஊருக்கு நெல் குற்றிக் கொடுக்கிற மில்லுக்குச் சொந்தக்காரர் அவர். கள்ளன் பயந்து ஓடியிருந்தால் மன்னித்திருப்பார். இருந்து சாப்பிட்டதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே போய்க் கைத்துப்பாக்கிக்கு விண்ணப்பித்தார். கண்ணாடி இல்லாததால் எதில் கையெழுத்து வைக்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. கண்ணாடி இருந்திருந்தாலும் தெரிந்திருக்காது என்பதைப் பிறகு அறிந்துகொண்டார்.

அவர் விண்ணப்பித்த கந்தோரின் முழுப்பெயர் இல்லத் தற்காப்பு ஆயுதப் பேணுகை மற்றும் ஆயத்தப் பணியகம். பெயர்ப்பலகை கட்டடத்தைவிட அகலமாக வந்துவிட்டதால், பாதியைச் சுவரிலும் மீதியை யன்னல் கதவிலும் அடித்திருந்தார்கள். யாராவது காற்றுக்கு யன்னலைத் திறந்தால் பணியகத்தின் பெயர் பாதியாகிவிடும். ஆகவே யாரும் திறப்பதில்லை, உள்ளே எல்லாரும் வேர்த்துக்கொண்டே நாட்டைக் காத்தார்கள். துப்பாக்கியைத் துவக்கு என்கிற ஊர்ச்சனம் அதைத் துவக்குக் கந்தோர் என்றது.

உள்ளே இரண்டு பிரிவுகள். பேணுகைப் பிரிவுக்குக் கதிர்காமன் பொறுப்பு, ஆயத்தப் பிரிவுக்கு ஸைனுலாப்தீன் பொறுப்பு. இரண்டு பேரும் ஒரே மேசையில் எதிரெதிரே இருந்தார்கள். ஒரே போத்தலில் தண்ணீர் குடித்தார்கள், பகல் சாப்பாட்டில் ஒருவர் கறியை மற்றவர் தொட்டுக்கொண்டார்கள். உத்தியோக விஷயம் மட்டும் பதிவுத் தபாலில்தான் பேசுவார்கள்.

விண்ணப்பம் போட்டு மூன்றாம் வருடம், துப்பாக்கி வந்துவிட்டதாகக் கடிதம் கிடைத்தது. ஹாஜியார் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போனார். முதலில் கதிர்காமன் கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"ஹாஜியார், துவக்கு எண்டுறது பொல்லாத சாமான். வீட்டில வெச்சா ஒருத்தரும் எடுக்க ஏலாத மாதிரி வெக்கோணும். ஒருத்தரும் எண்டா நீங்களும்தான்."

"நானும் எடுக்க ஏலாட்டி அத என்னத்துக்குத் தாறீங்க சேர்?"

"அந்தக் கேள்வி என்ட பிரிவில இல்ல" என்று கதிர்காமன் கையை மேசையின் அடுத்த பக்கம் காட்டினார்.

அடுத்த பக்கத்திலிருந்து ஸைனுலாப்தீன் ஆரம்பித்தார். "ஹாஜியார், கள்ளன் காலடி வெச்சு நாப்பது செக்கனுக்குள்ள துவக்கு உங்கட கையில இரிக்கணும். நாப்பத்தொண்டு எண்டா அது துவக்கில்ல, வெறும் இரும்பு. ஆயத்தம் இல்லாத ஆளுக்கு நாங்க அத்தாட்சி தரமாட்டம்."

இரண்டு அத்தாட்சியும் வேண்டும். ஒன்று கிடைத்தால் மற்றது தானாக ரத்தாகும் என்ற நுணுக்கத்தை அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

பேணுகைச் சுற்றறிக்கையின்படி துப்பாக்கியைச் சுவருக்குள் பதித்த இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும். அந்தப் பெட்டியைப் பூட்டி, அதன் திறப்பை இன்னொரு பெட்டியில் வைக்க வேண்டும். அந்த இன்னொரு பெட்டியின் திறப்பு உரிமதாரியின் உடம்பில் இருக்கக்கூடாது, வேறு எவருடைய கையிலும் இருக்கக்கூடாது, கண்ணுக்குத் தெரியும் இடத்திலும் இருக்கக்கூடாது.

"அப்ப எங்கதான் வெக்கிற?" என்று ஹாஜியார் கேட்டார்.

"அது உங்கட சுதந்திரம். அதில நாங்க தலையிட மாட்டம்" என்றார் கதிர்காமன்.

தோட்டாக்கள் கந்தோரிலேயே இருக்கும். துப்பாக்கியும் தோட்டாவும் ஒரே கூரைக்குக் கீழ் இருப்பது ஆபத்து என்பது பணியகத்தின் ஆய்வு முடிவு.

"கள்ளன் வந்தா?"

"காலம ஒன்பதுக்கும் பின்னேரம் நாலேகாலுக்கும் இடையில வந்து பதினோராம் படிவம் நிரப்பினீங்க எண்டா அண்டைக்கே தருவம். கள்ளன்ட முழுப்பேரும் அடையாள அட்டை நம்பரும் மட்டும் மறந்திராதீங்க, அது இல்லாம ஏலாது."

பெட்டி எந்தச் சுவரில் பதிப்பது என்பதில்தான் ஹாஜியார் ஒரு பிழை விட்டார். அந்தப் பிழையை வேறு ஊர்க்காரன் விட்டிருக்க மாட்டான். எங்கள் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுடையது. ஆண்பிள்ளை பிறப்பது உம்மாவின் வீட்டில், வாழ்வது மனைவியின் வீட்டில், வயது போனபின் இருப்பது மகளின் வளவில். ஹாஜியாரும் இருபத்தேழு வருடமாக நஸீறாவின் வீட்டில்தான் இருக்கிறார். அந்த வீட்டை அவர்கள் மகள் ஸம்றாவின் பெயருக்கு எழுதி எட்டு வருடமாகிறது. கல்யாணம் நடந்தால் மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார், வாப்பாவும் உம்மாவும் வளவின் பின்பக்கத்துச் சின்ன வீட்டுக்கு நகருவார்கள். அதற்காகவே முன்பக்கத்தில் ஓர் அறை புதிதாகக் கட்டியிருந்தார்கள். மாபிள் பதித்து, குளியலறை ஒட்டி, சிங்கப்பூரிலிருந்து ஒரு மச்சான் அனுப்பிய விளக்கும் போட்ட அறை.

கதிர்காமன் வந்து வைத்தியர் நெஞ்சைத் தட்டுவதுபோல வீட்டுச் சுவர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். பழைய சுவர் எல்லாம் பொத்தல் சத்தம் போட்டது. புது அறையின் சுவர் மட்டும் கிண்ணென்று நின்றது. பெட்டியை அங்கே, கட்டிலுக்கு நேர் எதிரே, பதிக்கச் சொன்னார், ஹாஜியாரும் தலையாட்டினார்.

"சேர், அது புள்ளைக்குரிய அறை" என்றார் நஸீறா.

கதிர்காமன் அதைக் கவனமாகக் கேட்டு, 'குடும்பத்தினருக்கு ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

அடுத்தது ஒத்திகை. கள்ளன் வருவதுபோலப் பாவனை செய்து உரிமதாரியின் வேகத்தை அளப்பதற்குப் பெயர் ஒத்திகை. மேலதிக நேரக் கொடுப்பனவு இல்லாததால் பணியகத்தின் கள்ளன் காலை பத்தரைக்கே வருவான். கள்ளன் வேடம் எப்போதும் கதிர்காமனுக்கு. ஸைனுலாப்தீன் நேரம் பார்ப்பார்.

கதிர்காமன் சப்பாத்தைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு, வரவுப் புத்தகத்தில் 'கள்ளன், ஒருவர்' என்று எழுதிக் கையொப்பமிட்டு, பின்மதில் ஏறினார். அடுத்த வளவுப் பெண்கள் கதிரை போட்டுப் பார்த்தார்கள். மதிலால் குதித்தவர் நேரே குசினிக்குள் வந்துவிட, நஸீறாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்த மனுஷன். ஒரு தேத்தண்ணி ஊற்றி, வட்டிலப்பம் இரண்டு துண்டும் வைத்தார்.

ஹாஜியார் திறப்புத் தேடிக்கொண்டிருந்தார். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைக்க வேண்டுமென்று அவர் அதை அரிசிப் பீப்பாவுக்குள் போட்டிருந்தார். நஸீறா முதல்நாள் அந்தப் பீப்பாவை நிரப்பியிருந்தார். ஹாஜியார் முழங்கை வரை அரிசிக்குள் விட்டுத் துழாவ, கள்ளன் பக்கத்தில் நின்று வட்டிலப்பம் தின்றபடி, "ஆறுதலாப் பாருங்க ஹாஜியார், ஓடுப்பட வேணாம்" என்று தைரியம் சொன்னார். துப்பாக்கி கைக்கு வரப் பதினொரு நிமிடம் ஆயிற்று.

ஆயத்தப் பிரிவு பூச்சியம் கொடுத்தது. பேணுகைப் பிரிவு நூற்றுக்கு நூறு கொடுத்தது.

"எங்கட கந்தோர் தொடங்கினதுக்கு இப்பிடி ஒரு பாதுகாப்பை நான் காணல்ல" என்று கதிர்காமன் கண்கலங்கிச் சொன்னார். "உரிமதாரிக்கே கிடைக்கல்ல எண்டா யாருக்குக் கிடைக்கும்?"

அடுத்த முறை ஹாஜியார் திறப்பைக் கழுத்தில் கட்டிக்கொண்டு இருபது செக்கனில் எடுத்தார். ஸைனுலாப்தீன் முதுகில் தட்டிக் கொடுத்தார், கதிர்காமன் அத்தாட்சியை ரத்துச் செய்தார். இப்படியே மாறிமாறி ஒரு வருடம் போயிற்று. இரண்டு பிரிவுக்கும் வேலை பார்த்த மாதிரியும் இருந்தது, வட்டிலப்பமும் கிடைத்தது.

இந்த நிலையில் ஸம்றாவுக்கு மாப்பிள்ளை பொருந்தியது. பெயர் அஸ்கி, நிந்தவூர்ப் பையன், கணிதம் படிப்பிக்கிற ஆசிரியர். ஸம்றா பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். இரண்டு பேருக்கும் நல்ல விருப்பம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காவின் எழுதிக் கல்யாணம் முடிப்பது என்று நாள் வைத்தாயிற்று. அதற்குப் பதினைந்து நாளுக்கு முன் நஸீறா அறைக்குள் புதுக்கட்டில் போடப் போனவர், சுவரில் இருந்த இரும்புப் பெட்டியைப் பார்த்துவிட்டு ஹாஜியாரைக் கூப்பிட்டார்.

"இஞ்சே, இது இதுக்குள்ளயா கிடக்கப் போகுது?"

ஹாஜியார் கந்தோருக்கு ஓடினார். ஸைனுலாப்தீன் சுற்றறிக்கையைப் புரட்டி, ஆயுதம் உள்ள அறையில் உரிமதாரி நித்திரை கொள்ள வேண்டும் என்ற பந்தியைக் காட்டினார். மற்ற அறையிலிருந்து நாற்பது செக்கனில் வர ஏலாது என்பது காரணம்.

"அது மாப்பிள்ளைட அறை சேர்."

"மாப்பிள்ளையும் படுக்கலாம். அதில ஒரு தடையும் இல்ல. உரிமதாரி படுக்கிறதுக்கு ஆட்சேபணை இல்ல எண்டு அவர்ட கையொப்பத்தோட ஒரு கடிதம் எடுங்க."

ஹாஜியாரின் வாழ்நாளில் இதைவிட வெட்கமான வேலை அவருக்கு வந்ததில்லை. மருமகனாக வரப்போகிறவனுக்குத் தொலைபேசி எடுத்து, கல்யாணத்துக்குப் பிறகு நானும் உங்கள் அறையில்தான் படுப்பேன் என்று சொல்ல வேண்டியிருந்தது.

"மாமா" என்றான் அஸ்கி. "உங்களில எனக்குச் சரியான மரியாத. ஆனா இது எனக்குக் கணக்கு வருகுதில்ல."

அன்று பின்னேரமே அஸ்கியின் உம்மா பேசினார். துவக்கு வெளியே போகட்டும், இல்லாவிட்டால் காவினை ஒத்திவைப்போம் என்றார். எவ்வளவு காலத்துக்கு என்று சொல்லவில்லை. ஸம்றா கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள். மகள் அழுதிருந்தால் ஹாஜியாருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

மறுநாளிலிருந்து அவருக்குக் கந்தோரே கதி. பெட்டியை வேறு சுவருக்கு மாற்றலாமா? மாற்றுவதற்குச் சுவரை உடைக்க வேண்டும், சுவரை உடைப்பது ஆயுதக் களஞ்சியத்தைச் சேதப்படுத்திய குற்றம். துப்பாக்கியையே திருப்பித் தரலாமா? தாராளமாகத் தரலாம், ஆபத்து நீங்கிவிட்டது என்று நிரூபித்தால் போதும்.

"எப்பிடி நிரூபிக்கிற சேர்?"

"அந்தக் கள்ளனிட்ட இருந்து ஒரு சத்தியக்கடதாசி" என்றார் கதிர்காமன். "இனி வரமாட்டன் எண்டு. சமாதான நீதவான் முன்னால ஒப்பம் வெச்சுத் தந்தா நல்லம்."

ஹாஜியார் மேசையில் தலையை வைத்துக்கொண்டார். ஸைனுலாப்தீனுக்கு மனம் இளகிவிட்டது. கோவையை எடுத்து முதலாம் பக்கத்திலிருந்து வாசித்தார். வாசித்தவர் திடீரென்று நிமிர்ந்து, வீட்டு உறுதி யார் பெயரில் என்று கேட்டார்.

"மகள்ட பேரில."

"அப்ப நீங்க வீட்டுக்காரர் இல்லையா?"

"இந்தக் கரையில எந்த ஆம்புள சேர் வீட்டுக்காரன்?"

ஸைனுலாப்தீன் பெருமூச்சு விட்டார். "அது சரி. நானும் பொஞ்சாதிட வீட்டிலதான் இரிக்கன். போன வருஷம் எனக்கெண்டு ஒரு துவக்குக்கு விண்ணப்பிச்சன். வீட்டுரிமை இல்ல எண்டு நானேதான் நிராகரிச்சன். மறுகா நானே மேன்முறையீடு செஞ்சன். அதையும் நிராகரிச்சன். சட்டம் எண்டா சட்டம்தானே."

"அப்ப என்ட அனுமதி பிழையெண்டா ரத்துச் செய்யுங்க சேர். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"பிழையாக் குடுத்த அனுமதிய ரத்துச் செய்ய ஏலாது ஹாஜியார். ரத்துச் செய்யிறதுக்கு அது முதல்ல சரியான அனுமதியா இரிக்கணும். சரியாக்குவம். உண்மையான வீட்டுக்காரிட பேருக்கு மாத்துவம்."

அப்படியாகத்தான் பாலர் பாடசாலை ஆசிரியை ஸம்றா, காவினுக்கு ஆறு நாள் இருக்க, கைத்துப்பாக்கி உரிமதாரியானாள். உரிமதாரி அந்த அறையில் படுக்க வேண்டும், மணப்பெண்ணும் அங்கேதான் படுப்பாள். வாப்பா பின்வீட்டுக்குப் போகலாம். இரண்டு குடும்பமும் மூச்சு விட்டது. அஸ்கியின் உம்மா மட்டும், மகனுக்கும் மருமகளுக்கும் சண்டை வந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

புது உரிமதாரிக்கு நாற்பத்தேழு பக்கச் சுற்றறிக்கை ஒன்று கொடுக்கப்படும். அதை இதுவரை யாரும் கடைசிவரை வாசித்ததில்லை, எழுதியவர்கள் உட்பட. மருதாணி காயும்வரை கையால் ஒரு வேலையும் செய்ய முடியாமல் இருந்த ஸம்றா, உம்மாவைப் பக்கம் புரட்டச் சொல்லி அதை முழுக்க வாசித்து முடித்தாள்.

சனிக்கிழமை கடிதம் வந்தது. உரிமதாரி மாறினால் ஏழாம் நாள் ஒத்திகை நடக்க வேண்டும். ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வருடம் முழுக்க ஞாயிறு பூட்டிக் கிடக்கிற கந்தோர், இந்த ஒரு ஞாயிறு திறக்கும் என்று எழுதியிருந்தது.

ஞாயிறு பத்தரைக்கு ஜீப் வந்து நின்றது. வாசலில் பந்தல், உள்ளே பாய் விரித்துச் சகன் எனும் பெரிய சோற்றுத் தட்டு வைக்கிற ஆயத்தம். ஆறு ஆறு பேராக வட்டமிட்டுச் சாப்பிடக் காத்திருந்த ஆண்கள் இரண்டு உத்தியோகத்தருக்கும் இடம் ஒதுக்கினார்கள். பாயோரம் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்ற இருவரில் ஸைனுலாப்தீன், கடமைக்குப் பிறகு பார்ப்போம் என்று கையை உயர்த்தினார். சரியாக அந்த நேரம் நிந்தவூர் வாகனங்களும் வந்து சேர்ந்தன. அஸ்கி தங்கநிறக் கோட்டோடும் மாலையோடும் இறங்கினான்.

"மாப்பிள்ள கொஞ்சம் நில்லுங்க" என்றார் ஸைனுலாப்தீன். "ஒத்திகை முடியாம புது ஆம்புள ஒருத்தரும் இந்த வீட்டுக்குள்ள போக ஏலா."

"அப்ப கெதியா முடிங்களன் சேர்."

அங்கேதான் சிக்கல். போனமாதம் வேறொரு வீட்டு மதிலால் குதித்ததில் கதிர்காமனுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. கள்ளன் இல்லாமல் ஒத்திகை இல்லை. ஸைனுலாப்தீன் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மறுபடியும் அஸ்கியைப் பார்த்தார்.

"தம்பி, எப்பிடியும் நீங்க உள்ளுக்குப் போகத்தானே வேணும். அந்தப் பின்மதிலால ஏறிப் போனீங்க எண்டா ரெண்டு வேலையும் ஒண்டா முடியும். கள்ளன் எண்டு இதில ஒரு ஒப்பம் வெய்ங்க."

அஸ்கியின் உம்மா நெஞ்சில் கையை வைத்தார். அவரது தம்பி, வாகனத்தைத் திருப்பச் சொன்னார். இரண்டு கிழவர்கள் சமாதானம் பேச எழும்பி, யாரோடு பேசுவது என்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்தார்கள். ஹாஜியார் மகளின் கல்யாணம் தன் கண்முன்னே கலைவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாவம் அஸ்கி, பேனாவை வாங்கிவிட்டான். மதில் எவ்வளவு உயரம் என்று மெதுவாகக் கேட்டான்.

அப்போது ஸம்றா வெளியே வந்தாள். மணக்கோலம், தலையில் முக்காடு, கையில் நாற்பத்தேழு பக்கம்.

"சேர், உரிமதாரி நான்தானே?"

"ஓம் மகள்."

"உறுதிப்படி வீடும் எனக்குத்தானே?"

"ஓம், ஓம்."

"முப்பத்தொன்பதாம் பக்கத்தில, வீட்டுக்குள்ள நிக்கிற ஆள் விருந்தாளியா அத்துமீறி வந்தவரா எண்டு தீர்மானிக்கிற அதிகாரம் உரிமதாரிக்கு மட்டும்தான் எண்டு போட்டிரிக்கு. அது இன்னும் செல்லுபடியாகுமா?"

ஸைனுலாப்தீன் வாங்கி வாசித்தார். கதிர்காமனிடம் கொடுத்தார். தபால் இல்லாமல் அவர்கள் உத்தியோக விஷயம் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை. செல்லுபடியாகும் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். ஸைனுலாப்தீனின் முகத்தில் பெருமைகூடத் தெரிந்தது.

"சந்தோஷம்" என்றாள் ஸம்றா. "மாப்பிள்ள விருந்தாளி. பந்தலுக்குள்ள இரிக்கிற எல்லாரும் விருந்தாளி. அத்துமீறி வந்தது நீங்க ரெண்டு பேரும்தான்."

அவள் பாலர் வகுப்பில் கதைக்கிற அதே குரலில், கொஞ்சமும் கோபமில்லாமல் சொன்னாள்:

"நான் நாப்பது வரைக்கும் எண்ணுவன். நல்ல புள்ளைகள் மாதிரி ரெண்டு பேரும் சப்பாத்தப் போட்டுக்கிட்டு, கையப் புடிச்சிக்கிட்டு, கேற்றுக்கு வெளிய போய் நிக்கணும். ஒண்டு. ரெண்டு."

அந்தக் குரலுக்குக் கீழ்ப்படியாத மனிதன் இன்னும் பிறக்கவில்லை. பத்துக்குள் ஸைனுலாப்தீன் ஒரு சப்பாத்தைப் போட்டுவிட்டார். பதினைந்தில் மற்றதைக் கையில் எடுத்துக்கொண்டார். முழங்கால் வீங்கிய கதிர்காமன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். இருபத்தாறில் இருவரும் வீதியில் நின்றார்கள். அவர்கள் வெளியேறிய அதே கேற்றால், கையில் பேனாவோடு, அஸ்கி உள்ளே வந்தான்.

காவின் நடந்தது. ஹாஜியார் அழுதார், மகளைப் பார்த்தாரா பெட்டியைப் பார்த்தாரா என்று தெரியாமல் அழுதார். நஸீறா வீதிக்கு இரண்டு தட்டுச் சோறு அனுப்பினார். உத்தியோகத்தர் இருவரும் ஜீப்பின் முன்பக்கத்தில் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே அறிக்கை எழுதினார்கள். அத்துமீறியவர்கள் இருவர், இருவரும் வெளியேற்றப்பட்டனர், எடுத்த நேரம் இருபத்தாறு செக்கன். ஆயுதம் பெட்டியைவிட்டு அசையவில்லை. பேணுகைக்கும் நூறு, ஆயத்தத்துக்கும் நூறு. பணியகத்தின் சரித்திரத்தில் இரண்டு அத்தாட்சியும் ஒரே நாளில் கிடைத்த வீடு அது ஒன்றுதான்.

அதையே ஆபத்து நீங்கியதற்கு நிரூபணமாக எடுத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை மேசனோடு வந்து பெட்டியைக் கழற்றி, துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு, சுவரையும் பூசிக் கொடுத்தார்கள். மீளப் பெறும் படிவத்தில் ஹாஜியார் சாட்சிக் கையொப்பம் வைக்க வேண்டியிருந்தது. இந்த முறை புதுக்கண்ணாடி போட்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார். காரணம் என்ற கட்டத்தில் ஸைனுலாப்தீன் தன் கைப்படவே எழுதியிருந்தார்:

'துப்பாக்கி தேவையில்லை. வீட்டுக்காரி வீட்டில் இருக்கிறார்.'